அம்மா எடுத்துக்கொடுத்த பதில்

போன வாரம் இளையவளை இஸ்திரி மேஜைக்கு முன்னால் உட்கார வைத்துவிட்டுப் போய்விட்டேன். "அந்தப் பொண்ணு ஒரு வாரமா அப்படியே உட்கார்ந்திருக்காளே, உங்களுக்கு மனசாட்சியே கிடையாதா?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். இருக்கிறது, அம்மணி. இதோ ஓடி வந்துவிட்டேன்.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்குக் கொஞ்சம் பழைய கதை. இளையவள் மண்ணை ஆராய்ச்சி செய்தவள். உப்புப் பூத்துப் பாழாய்ப்போன வயலை மறுபடி விளைய வைப்பது எப்படி என்பதுதான் அவள் விஷயம். முனைவர் பட்டத்துக்கு முக்கால் கிணறு தாண்டியிருந்தாள். அப்போதுதான் சண்டை வந்தது. பல்கலைக்கழகம் எரிந்தது. அதோடு சான்றிதழ், மதிப்பெண், கணினி எல்லாம் போயின. அவளுடைய பேராசிரியர் எந்தப் பக்கம் போனார் என்றே தெரியவில்லை. அம்மா, அக்கா, அத்தான் மூவரோடும் உயிரை மட்டும் கையில் பிடித்துக்கொண்டு இந்த ஊருக்கு வந்து சேர்ந்தாள்.

இங்கே வந்து அக்கா ஒரு முதியோர் இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். அத்தான் நகரப் பேருந்து ஓட்டுகிறார். கல்யாணமான புதிதில், மைத்துனி எந்நேரமும் மண்ணும் கையுமாகத் திரிவதைப் பார்த்து "மண்ணாங்கட்டி" என்று பெயர் வைத்தவர் அவர்தான். வீட்டுக்குள் அவளுக்கு அதுவே பெயராகிப்போனது.

படிப்பைத் தொடர எத்தனை கதவுகளைத் தட்டினாள்! ஒரு பல்கலைக்கழகம் அசல் சான்றிதழ் கேட்டது. எரிந்துவிட்டது என்றால், எரிந்துவிட்டது என்று அந்த எரிந்துபோன அலுவலகமே எழுதித் தர வேண்டுமாம். இன்னொன்று, தாராளமாக வரலாம், ஆனால் இளங்கலை முதல் வருடத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்றது. மூன்றாவது இன்றுவரை வாயே திறக்கவில்லை.

நான்காவதாக ஒன்று கிடைத்தது. போரில் படிப்பு அறுந்தவர்களுக்கென்று தனியாக ஒரு வழி வைத்திருந்தார்கள். சான்றிதழ் வேண்டாம். மூன்று பேராசிரியர்கள் கணினித் திரையில் வருவார்கள், கேள்வி கேட்பார்கள். அவர்களுக்குத் திருப்தி என்றால், எந்த இடத்தில் விட்டாளோ அந்த இடத்திலிருந்தே தொடரலாம். ஒரே ஒரு கண்டிப்பு. அறையில் வேறு யாரும் இருக்கக்கூடாது. யாராவது பதில் எடுத்துக்கொடுத்தால் அந்த நிமிடமே எல்லாம் முடிந்தது.

அவளுக்கு விஷயம் தெரியாதா? தலைகீழாகத் தெரியும். கஷ்டம் வேறு இடத்தில்.

வரும் வழியெல்லாம் சோதனைச் சாவடிகள். ஒவ்வொன்றிலும் மேஜைக்கு அந்தப் பக்கம் வரிசையாக மூன்று நான்கு பேர். ஒரு வார்த்தை பிசகினால் வரிசையிலிருந்து ஆளைத் தனியே இழுத்துவிடுவார்கள். "ஆமா", "இல்லை" என்ற இரண்டே வார்த்தைகளில் அவள் அத்தனையையும் கடந்து வந்தாள். கடந்து வந்துவிட்டாள், ஆனால் நாக்கு அங்கேயே நின்றுவிட்டது. இன்றைக்கும் எதிரே வரிசையாக மூன்று நான்கு பேர் உட்கார்ந்து கேள்வி கேட்டால் பேச்சு வராது. அக்கா பக்கத்து வீட்டுப் பெண்களைக் கூட்டி வந்து வேஷம் கட்டி உட்கார வைத்துப் பார்த்தாள். அப்போதும் வரவில்லை.

ஆக, இன்றைக்கு அவள் வாய் திறக்க வேண்டும். இல்லாவிட்டால் அத்தனை வருட உழைப்பும் போனது போனதுதான்.

மத்தியான வெயில் ஜன்னல் வழியாக இஸ்திரி மேஜைமேல் விழுந்துகொண்டிருந்தது. வீட்டில் அந்த உயரத்துக்கு வேறு மேஜை இல்லை. இரவல் மடிக்கணினிக்கு அடியில் இரண்டு தலையணை உறை. அத்தான் அழைப்பு மணியின் கம்பியைப் பிடுங்கிப்போட்டுவிட்டார். அக்கா குளிர்பெட்டியை அணைத்தாள். அது உறுமுகிறதாம்.

"அம்மாவை எங்க வைக்கறது?" என்றாள் அக்கா.

"ஏன், நான் என்ன சாமானா எங்கயாவது வைக்கறதுக்கு?" என்றாள் அம்மா.

"இல்லம்மா. உன் வாய் சும்மா இருக்காது. அதான் பயம்."

"நான் எதுக்குடி பேசப்போறேன்? சமையலறையில உட்கார்ந்து வெங்காயம் உரிக்கறேன். மூச்சுக்கூட விடமாட்டேன்."

அத்தான் சிரித்தார். "நீங்க மூச்சு விடுங்க அத்தை. பேச மட்டும் வேணாம். நான் பக்கத்துலயே காவல் இருக்கேன்."

சமையலறைக்கும் அறைக்கும் நடுவில் கதவு கிடையாது, ஒரு துணித் திரைதான். திரைக்குப் பின்னால் மூவரும் போய் ஒடுங்கிக்கொண்டார்கள்.

கணினியில் மூன்று சதுரங்கள் வெளிச்சமாயின. நடுவில் நரைத்த தலை அம்மையார், மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்தார். அவர்தான் தலைவி. வலது பக்கம் அடர்ந்த புருவக்காரர். இடது பக்கம் ஒல்லியாக ஒருவர், குனிந்து எழுதிக்கொண்டே இருந்தார்.

"வணக்கம்மா. அறையில தனியாத்தானே இருக்கீங்க?"

"ஆமா."

"உடம்பெல்லாம் சௌக்கியமா? இந்த ஊர் பழகிடுச்சா?"

"ஆமா."

"பயப்படாதீங்க. சும்மா பேசத்தான் போறோம். கஷ்டமா ஏதாவது இருக்கா?"

"இல்லை."

திரைக்குப் பின்னால் அக்கா நெற்றியில் அடித்துக்கொண்டாள். ஆரம்பித்துவிட்டது, அதே ஆமாவும் இல்லையும்.

புருவக்காரர் தொண்டையைச் செருமினார். "நேராவே விஷயத்துக்கு வர்றேன். உப்புப் பிடிச்ச களிமண் நிலம் ஒண்ணு உங்ககிட்ட தர்றோம்னு வச்சுக்குங்க. முதல் தண்ணியா எதை விடுவீங்க? ஏன்?"

அடடா! இவளுடைய ஆராய்ச்சியின் உயிர்நாடியே அந்தக் கேள்விதான். தூக்கத்தில் தட்டி எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். ஆனால் எதிரே மூன்று முகங்கள். நாக்கு மேலண்ணத்தில் போய் ஒட்டிக்கொண்டது. கைகள் மேஜைக்கு அடியில் பாவாடையைப் பிசைந்தன. கண்ணில் நீர் முட்டியது.

"கேள்வி புரிஞ்சுதாம்மா?"

"ஆமா."

"பதில்?"

ஒன்றும் வரவில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சண்டை நடந்தபோது இந்தக் குடும்பம் பல மாதம் ஒரு கட்டடத்தின் நிலவறையில் பதுங்கிக் கிடந்தது. கணினி போய்விட்டதே, படித்ததெல்லாம் மறந்துவிடுமே என்ற பயத்தில், இளையவள் தன் ஆராய்ச்சியை அத்தியாயம் அத்தியாயமாகச் சத்தம் போட்டுச் சொல்லிக்கொண்டிருப்பாள். அவள் தடுமாறுகிற இடத்தில் அம்மா அடுத்த வரியை எடுத்துக்கொடுப்பாள். பாதி நேரம் தப்பாகத்தான் கொடுப்பாள். மகள் திட்டிக்கொண்டே திருத்துவாள். அந்த இருட்டில் அவர்களைப் பைத்தியம் பிடிக்காமல் காப்பாற்றியது அந்த அம்மா-மகள் வாய்ச்சண்டைதான் என்று நான் நினைக்கிறேன்.

ஆக, மகள் தடுமாறினால் அம்மாவின் வாய் தானாகத் திறக்கும். அதற்கு அவள் என்ன செய்வாள், பாவம்!

"நல்ல தண்ணி! மழைத் தண்ணின்னு சொல்லு!"

கிசுகிசுப்பதாக அவள் நினைப்பு. தெருமுனை வரைக்கும் கேட்டிருக்கும். அத்தான் பாய்ந்து அவள் வாயைப் பொத்தப் போனார். மாமியார் வாயை எப்படிப் பொத்துவது? கை பாதியிலேயே நின்றது.

மேஜைமுன் உட்கார்ந்திருந்தவள் வெடுக்கென்று திரும்பினாள்.

"அம்மா! நல்ல தண்ணி இல்லம்மா! உனக்கு எத்தனை தடவைதான் சொல்றது?"

"பின்ன என்னடி? உப்பு கூடிப்போனா தண்ணி ஊத்தறதுதானே வழக்கம்?"

"அது சட்டியில இருக்கற உப்பு! மண்ணுல அப்படி இல்லைன்னு தலைபாடா அடிச்சுக்கறேனே! ஒரு உப்பு தண்ணியில கரைஞ்சு சும்மா சுத்திக்கிட்டு இருக்கும். இன்னொண்ணு, அந்த சோடியம், களிமண்ணைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு விடவே விடாது. நீ முதல்லயே மழைத் தண்ணியைக் கொட்டினா சுத்திக்கிட்டு இருக்கறது ஓடிடும். பிடிச்சுக்கிட்டு இருக்கறது அப்படியே இருக்கும். அப்புறம் மண்ணு மாவாக் கரைஞ்சு, இருக்கற ஓட்டையெல்லாம் அடைச்சு, மேல ஓடு மாதிரி இறுகிடும். அதுக்கப்புறம் ஆத்தையே திருப்பி விட்டாலும் ஒரு சொட்டு உள்ள இறங்காது!"

அத்தானுக்கு வந்த வேலை மறந்துவிட்டது. திரையை விலக்கித் தலையை நீட்டினார். "அதுக்குத்தான் ஜிப்சம் போடணும்னு இவ அப்பவே சொன்னா, அத்தை. மூட்டை மூட்டையா கொட்டினா வேலை முடிஞ்சுது."

"அத்தான், நீங்க வேற! மொத்தமா கொட்டினா பாதி கரையாம மேலேயே கிடக்கும். ஜிப்சத்துல இருக்கற கால்சியம் உள்ள போய் சோடியத்தை இடத்தை விட்டுக் கிளப்பணும். கிளம்பினது வெளிய போக வடிகால் வேணும். வடிகால் வெட்டாம ஜிப்சம் போடறது, நீங்க இறங்கற கதவை மூடிக்கிட்டு பஸ்ல ஆளை ஏத்தற மாதிரி."

"ஓ, அப்படியா சமாச்சாரம்!" என்றார் அத்தான், உண்மையிலேயே இப்போதுதான் புரிந்தவராக.

அம்மா விடுவாளா? வெங்காயக் கத்தியோடு வெளியே வந்துவிட்டாள். "அப்ப முதல் தண்ணி எதுதான்டி?"

"உப்புக் கிணத்துத் தண்ணி! ஆகாதுன்னு எல்லாரும் ஒதுக்கி வச்சாங்களே, அதே தண்ணி. அந்த உப்பு இருந்தாதான் களிமண்ணு கரையாம கட்டிகட்டியா நிக்கும். தண்ணி இறங்க வழி இருக்கும். அப்புறம் கொஞ்சம் நல்ல தண்ணி கலக்கணும், அப்புறம் இன்னும் கொஞ்சம். எல்லாம் முடிஞ்சு கடைசியாத்தான் உன் மழைத் தண்ணி."

"உப்பை உப்பாலேயே கழுவறதாம்! நான் இன்னைக்கு வரைக்கும் நம்பலை."

"நீ நம்ப வேணாம்மா! அந்தக் கிழக்கு வயல்ல நான் செஞ்சு பார்த்தேனே! ஒரு பாதியில நீ சொல்ற தண்ணி. ஒரு பாதியில என் தண்ணி. உன் பாதியில குட்டை மாதிரி தேங்கி நின்னுது. என் பாதியில..."

குரல் உடைந்தது.

"என் பாதியில முளைச்சு வந்துச்சும்மா. பச்சைப்பசேல்னு நின்னுது. அறுக்கத்தான் விடலை."

அப்போதுதான் அக்கா, திரையைப் பிடித்தபடி, மெல்லச் சொன்னாள். "அடிப்பாவிகளா. மைக் ஓடுது."

இளையவள் மெதுவாகத் திரும்பினாள். மூன்று சதுரங்களிலும் மூன்று முகங்கள் இமைக்காமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தன. ஒல்லிக்காரர்கூட எழுதுவதை நிறுத்திவிட்டார்.

போச்சு. அறையில் ஆள். எடுத்துக்கொடுத்ததும் ஆச்சு. சாட்சிக்குக் கையில் கத்தியோடு அம்மா!

"மன்னிச்சுடுங்க" என்று எழுந்தே நின்றுவிட்டாள். "தப்பு எங்க பேர்லதான்."

"உட்காருங்கம்மா" என்றார் தலைவி. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். உதட்டோரம் துடித்தது. "யாராவது சரியான பதிலை எடுத்துக்கொடுத்தா உங்களை நிராகரிக்கணும்னு எங்க விதியில இருக்கு. உங்கம்மா எடுத்துக்கொடுத்தது தப்பான பதில். அதுக்கு என்ன பண்ணணும்னு விதியில ஒண்ணும் இல்லை."

புருவக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். அந்தப் புருவத்துக்கு அப்படி ஒரு சிரிப்பு இருக்கும் என்று யார் நினைத்திருப்பார்கள்!

"ஒண்ணு செய்யலாம்" என்றார் தலைவி. "அம்மாவைப் பக்கத்துல உட்கார வச்சுக்குங்க. நாங்க கேக்கறோம். நீங்க எங்களைப் பார்க்கவே வேணாம். பதிலை அவங்ககிட்ட சொல்லுங்க. ஆனா அம்மா, நீங்க கேள்வி கேக்கலாம், பதில் மட்டும் சொல்லக்கூடாது. சரியா?"

அம்மா கத்தியை அத்தான் கையில் கொடுத்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு கம்பீரமாக வந்து உட்கார்ந்தாள்.

அதற்கப்புறம் நடந்ததைச் சொல்லி மாளாது. எந்த அளவு உப்புள்ள தண்ணீர், எப்போது மாற்றுவது, வடிந்து வெளியே வருகிற நீரில் எதைச் சோதிப்பது, ஒரு களிமண்ணுக்கும் இன்னொரு களிமண்ணுக்கும் என்ன வித்தியாசம் என்று அவர்கள் கேட்கக் கேட்க, இவள் அம்மாவின் முகத்தைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே போனாள். ஓர் இடத்தில் அவள் சொன்ன கணக்கு தப்பு என்று புருவக்காரர் மறித்தார். "இல்லம்மா, அவர் சொல்றது ஆத்தோர மண்ணுக்கு" என்று அம்மாவிடமே மறுப்புச் சொன்னாள். புருவக்காரர் யோசித்துவிட்டு, ஆமாம் என்று தலையாட்டினார்.

கடைசியில் தலைவி, "ரெண்டு நிமிஷம் நாங்க பேசிக்கறோம்" என்று சத்தத்தை நிறுத்தினார். முடிவு சொல்ல வாரக்கணக்கில் ஆகும் என்றுதான் முன்பு எழுதியிருந்தார்கள். இப்போதே பேசுகிறார்களே! திரையில் மூன்று வாய்கள் சத்தமில்லாமல் அசைந்தன. நால்வரும் மேஜையைச் சுற்றி நின்று உற்றுப் பார்த்தார்கள்.

"புருவக்காரர் சரின்னு சொல்றார்" என்றார் அத்தான்.

"கொட்டாவி விடறாரு. சும்மா இருங்க" என்றாள் அக்கா.

சத்தம் திரும்பி வந்தது.

"எங்க தோட்டத்துத் தெற்குக் கோடியில ஒரு துண்டு நிலம் இருக்கும்மா" என்றார் தலைவி. "உப்புப் பூத்துப் போய் யாரும் தொடாம கிடக்கு. அது இனிமே உங்க பொறுப்பு. முதல்லேர்ந்து எல்லாம் படிக்க வேணாம். விட்ட இடத்துலேர்ந்து தொடருங்க. இந்தத் தடவை அறுத்துட்டே வாங்க."

இளையவள் மேஜைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள். அப்பாடா என்று வருகிற அழுகை அது, நின்று நிதானமாக அழ வேண்டிய அழுகை. அக்கா அவள் முதுகைத் தடவினாள். அத்தான் கண்ணைக் கசக்கிவிட்டு, "வெங்காயக் கத்தி" என்றார். அம்மாதான் கணினியைப் பார்த்துக் கும்பிட்டாள். "நல்லா இருப்பீங்க. ஆனா அந்த உப்புத் தண்ணி விஷயம் மட்டும் எனக்கு இன்னும் சந்தேகம்தான்."

எனக்கும் எழுதும்போதே கண்ணைத் துடைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. மறைப்பானேன்? எத்தனை வாரமாக இவர்களைப் படாத பாடு படுத்தியிருக்கிறேன்!

எல்லோரும் விடைபெறும் நேரத்தில் அந்த ஒல்லிக்காரர் முதல்முறையாக வாய் திறந்தார்.

"ஒரு நிமிஷம். உப்பை உப்பாலேயே கழுவறதுன்னு உங்கம்மா சொன்னாங்களே, அதே வார்த்தையை நான் போன மாசம் கேட்டேன். வேற ஊர்ல ஓர் ஆராய்ச்சி நிலையத்துல புதுசா ஒரு பேராசிரியர் வந்து சேர்ந்திருக்கார். தன் மாணவி ஒருத்தியோட கண்டுபிடிப்புன்னு சொன்னார். அவ பிழைச்சாளான்னே தெரியலைன்னு வருத்தப்பட்டார்."

இளையவள் தலையை நிமிர்த்தினாள். "எங்க சாரா? சார் உயிரோட இருக்காரா?"

"நல்லா இருக்கார். இன்னைக்கே அவருக்குச் சொல்லிடறேன். அவரோட இன்னொரு மாணவரும் அங்க இருக்கார். அவர் தினமும் எல்லார்கிட்டயும் ஒரே கேள்விதான் கேக்கறாராம்." ஒல்லிக்காரர் தயங்கினார். "மன்னிக்கணும், அவர் சொன்னபடியே சொல்றேன். 'மண்ணாங்கட்டி வந்து சேர்ந்துட்டாளா?' அது யாருன்னு யாருக்கும் புரியலை. உங்களுக்குத் தெரியுமா?"

இளையவளின் முகம் குப்பென்று சிவந்தது. அவனும் உயிரோடு இருக்கிறான். இத்தனை மாதம் கேட்கவும் பயந்து, கேட்க ஆளும் இல்லாமல், நெஞ்சுக்குள்ளேயே வைத்துப் புழுங்கிய ஒரு கேள்விக்கு, யாரோ ஒரு ஒல்லி மனிதர் போகிற போக்கில் பதில் சொல்லிவிட்டார்.

"தெரியும்" என்றாள், காற்றுப்போன்ற குரலில். கணினி அணைந்தது.

அத்தான்தான் முதலில் பேசினார். "அது நான் வச்ச பேராச்சே!"

"வீட்டு வாசலைத் தாண்டாத பேராச்சே!" என்றாள் அக்கா.

அம்மா நாற்காலியை இழுத்துப்போட்டு எதிரே உட்கார்ந்தாள். அவளுக்கு ஒரு பக்கம் அக்கா, மறுபக்கம் கத்தியோடு அத்தான்.

"யாருடி அது?"

எதிரே வரிசையாக மூன்று பேர். அவள் நாக்கு மறுபடி மேலண்ணத்தில் போய் ஒட்டிக்கொண்டது. இந்தத் தடவை பயத்தில் இல்லை, சிரிப்பை அடக்க முடியாமல். ஆனால் இந்தக் கேள்விக்குப் பதில் எடுத்துக்கொடுக்கத்தான் அந்த வீட்டில் யாருமே இல்லை.